ரிம்ல +690 காட்டுது, அவசரம்

தடம்47: புது ரயில் சக்கரம், ஈஆர்7 ரக எஃகு. அல்ட்ராசானிக்ல ரிம்மோட (வெளி வளையம்) ரெசிடுவல் ஸ்ட்ரெஸ், அதாவது தயாரிப்புல உள்ளேயே தங்கிப்போன தகைவு, பார்க்கிறோம்: ஷியர் அலையை (போற திசைக்குக் குறுக்கே அதிர்றது) ரெண்டு திசையில அதிர வச்சு, எக்கோ வர்ற நேர வித்தியாசத்துல இருந்து கணக்கு. மைனஸ்னா அமுக்கம், பிளஸ்னா இழுவை. மூணு இடத்துல −100 கிட்ட, ஒரு இடத்துல மட்டும் +690 மெகாபாஸ்கல். நாளைக்கு ரிப்போர்ட் குடுக்கணும். எங்க தப்பு?

அச்சாணி: என்ன புரோப்? எத்தனை மெகாஹெர்ட்ஸ்? ரிம் அகலம்? இது இல்லாம ஜோசியம்தான் சொல்லணும்.

குழைமண்: கப்ளன்ட்தான் (புரோப்புக்கும் இரும்புக்கும் நடுவுல தடவுறது) பிரச்சினை. ஷியர் அலை தண்ணியில, எண்ணெயில போகாது. தேன் தடவுங்க. புரோப்பை 90 டிகிரி திருப்பினதும் அளக்காதீங்க, அழுத்திப் பிடிச்சு எக்கோ நகராம நின்னதும் அளங்க.

மணிக்கூண்டு: டெக்ஸ்சர் (இரும்புப் படிகங்கள் ஒரே பக்கமா அடுக்கி நிக்கிறது) கரெக்‌ஷன் போட்டீங்களா? ஸ்ட்ரெஸ் இல்லாத துண்டுலயே ரெண்டு திசைக்கும் வேகம் வேற. அதே உற்பத்தியாளரோட துண்டுல எடுத்த மதிப்பைக் கழிக்கணும்.

கேஜ்1676: அடிப்படையே தெரியாம மெஷினைக் கையில எடுத்தா இப்படித்தான். ஈஆர்7 ரிம்முக்கு ஈல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற தகைவு) குறைஞ்சது 520 மெகாபாஸ்கல். தண்டவாளத்துல உருள்ற ட்ரெட்டைத் தண்ணி அடிச்சுக் குளிர வைக்கிறதால அங்க அமுக்கம்தான் வரும், ஐரோப்பிய சக்கரத் தரம் ஈஎன் 13262 கேக்கிறதும் 80 - 150 அமுக்கம். புது சக்கரத்துல +690 இழுவைன்னு ஒருத்தர் நம்பிக் கேக்கறாரு பாருங்க!

தடம்47: சாரி. ஈமாட் (காந்தத்தாலயும் சுருளாலயும் இரும்புக்குள்ளயே அலையைக் கிளப்புற புரோப்), 2 மெகாஹெர்ட்ஸ், ரிம் அகலம் 135 மிமீ. கப்ளன்டே இல்ல.

அச்சாணி: அப்ப விடை கிடைச்சாச்சு. போய்த் திரும்ப 270 மிமீ, ஷியர் வேகம் 3230 மீ/செ, 84 மைக்ரோ செகண்ட் கிட்ட. அதுல 100 மெகாபாஸ்கலுக்கு ரெண்டு திசைக்கும் வித்தியாசம் சுமார் 63 நானோ செகண்ட்தான். 2 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு சுழற்சி 500 நானோ, அதாவது 790 மெகாபாஸ்கல். −100ல 790 கூட்டிப் பாருங்க. அந்த இடத்துல எக்கோ சின்னதா இருக்கும், திரெஷோல்டு (இந்த உயரம் தாண்டினா எக்கோன்னு எடுத்துக்கிற வரம்பு) ஒரு சுழற்சி தள்ளிப் பக்கத்து அலையைப் பிடிச்சிருக்கு. ஏ-ஸ்கேனை (எக்கோவோட அலை வரைபடம்) திறந்து ரெண்டு எக்கோவையும் மேல மேல வச்சுப் பாருங்க. திரெஷோல்டை விட்டுட்டு கிராஸ் கோரிலேஷன் (ரெண்டு அலையையும் நகர்த்தி முழுசாப் பொருத்துறது) போடுங்க, தேடல் அரைச் சுழற்சி, ±250 நானோவுக்குள்ள நிக்கட்டும். பெயின்ட், ஸ்கேல், காந்தத்துல ஒட்டின இரும்புத்தூள் எல்லாம் சுரண்டணும்.

மணிக்கூண்டு: டெக்ஸ்சர்னா நாலு இடமும் சேர்ந்தே நகரும். சரி, வாபஸ்.

குழைமண்: ஈமாட்னு முதல்லயே சொல்லியிருக்கலாம். தொட்டு அழுத்துற பீசோ புரோப்புக்கு இப்பவும் தேன்தான்.

கேஜ்1676: தேன் படலம் மாறி 10 நானோ போனா 16 மெகாபாஸ்கல் தப்பு. எதுக்கு இந்த வம்பு, ரிம்மை ரம்பத்தால அறுத்து, வெட்டு மூடுதா விரியுதான்னு பார்த்தா முடிஞ்சது.

குழைமண்: அறுத்த சக்கரத்தை நீங்க வண்டியில மாட்டுவீங்களா சார்?

கேஜ்1676: சாம்பிள் சக்கரம்னு ஒண்ணு இருக்கு தம்பி.

தடம்47: நாலாவது இடத்துல தடிமனா பெயின்ட். சுரண்டி எடுத்தோம், −96. நன்றி அச்சாணி.