லண்டனில் அகதி அப்பீல்: பாரிஸ்டர் செய்வது என்ன, நாகர்கோவிலிலிருந்து அனுப்ப வேண்டியது என்ன?

குமரிக்கடல்:
எங்க ஊர் பக்கத்து முகாம்ல உள்ள ஒரு இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்காகக் கேக்கேன். தாய் தகப்பன் 1990-ல யாழ்ப்பாணத்துல இருந்து வந்தவங்க. பையன் 1995-ல நாகர்கோவில்ல பிறந்தவன். சென்னை துணைத் தூதரகத்துல பிறப்பைப் பதிஞ்சு, இலங்கை பாஸ்போர்ட் எடுத்து லண்டனுக்குப் படிக்கப் போனான். அங்கே ஈழ ஆதரவுக் கூட்டங்கள்ல முன்னால நின்னிருக்கான். புகலிடம் கேட்டு ஹோம் ஆபீஸ் (பிரிட்டன் உள்துறை) மறுத்தாச்சு, அப்பீலும் போட்டாச்சு. விசாரணைக்கு பாரிஸ்டர் வருவார், தாயோட வாக்குமூலமும் முகாம் பேப்பரும் வேணும்னு சொலிசிட்டர் கேட்டிருக்கார். சொலிசிட்டர் இருக்கும்போது இன்னொரு வக்கீல் எதுக்கு? பிறப்புச் சான்றிதழைக் காட்டி "நீ இந்தியாவுக்கே போ"ன்னு சொல்லிருவாங்களா? இங்கே ஸ்டாம்ப் பேப்பர்ல அஃபிடவிட் போட்டா போதுமா?

வேளிமலை:
அப்பீல் காலக்கெடுவுக்குள் போட்டாச்சா என்று முதலில் பாருங்கள். பிரிட்டனுக்குள் இருப்பவருக்கு, முடிவு அனுப்பிய நாளிலிருந்து 14 நாள்தான். கட்டணம், நேரில் விசாரணை என்றால் 140 பவுண்டு, காகிதத்தில் மட்டும் என்றால் 80. லீகல் எய்டு (அரசு செலவில் சட்ட உதவி) கிடைத்தவருக்கு இந்தக் கட்டணம் கிடையாது. புகலிட வழக்குக்கு வருமானத்தையும் வழக்கின் வலுவையும் பார்த்து லீகல் எய்டு தருவார்கள். கைக்காசு போடும் முன் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

நம்ம ஊரில் வக்கீல் என்றால் ஒரே ஆள், மனுவும் போடுவார், கோர்ட்டிலும் நிற்பார். அங்கே கோப்பை நடத்துவது, சாட்சியம் திரட்டுவது, கடிதம் போடுவது எல்லாம் சொலிசிட்டர் வேலை. சட்டவாதத்தை எழுதுவதும் ட்ரிப்யூனலில் (அப்பீலை விசாரிக்கும் தீர்ப்பாயம்) நின்று பேசுவதும் பாரிஸ்டர். சொலிசிட்டர் இல்லாமல் 'பப்ளிக் அக்சஸ்' என்று நேரடியாகவும் பாரிஸ்டரைப் பிடிக்கலாம். ஆனால் அந்த வழியில் லீகல் எய்டு இல்லை. கட்சிக்காரர் பணத்தை அவர் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது. தனி அனுமதி இல்லாத பாரிஸ்டர் உங்களுக்காகக் கோப்பை நடத்தவும் முடியாது, தாக்கல் செய்வது உங்கள் தலையில்.

விசாரணை நாளில் எழுந்து பேசுவதுதான் பாரிஸ்டர் வேலை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் அதற்கு முன்பே காகிதத்தில் நடக்கிறது. 'ஸ்கெலிட்டன் ஆர்க்யுமென்ட்' என்று சில பக்கத்தில் எழுதுவார். மறுப்புக் கடிதத்தின் எந்தப் பத்தி எங்கே தவறு, எதை எந்தச் சான்று உடைக்கிறது என்று அதில் வரும். அதைப் படித்து ஹோம் ஆபீஸ் தன் முடிவைத் திரும்பப் பரிசீலிக்க வேண்டும். அந்தக் கட்டத்திலேயே மறுப்பை வாபஸ் வாங்குவதும் உண்டு. அதனால் உங்கள் பேப்பர் விசாரணைக்கு முந்தின வாரம் போய்ச் சேர்ந்தால் பாதிப் பலன்தான்.

இந்தப் பையன் வழக்கில் இடிக்கும் இடம் பாஸ்போர்ட். "பயம் என்றால் தூதரகத்தில் போய் ஏன் பாஸ்போர்ட் வாங்கினாய்?" என்று கேட்பார்கள். வாங்கியது எப்போது, கூட்டங்களில் முன்னால் நின்றது எப்போது என்று தேதி வரிசை வேண்டும். பயம் அதற்குப் பிறகு உண்டானது என்றால் அதை நேராகச் சொல்லலாம், வெளிநாடு போனபிறகு வந்த ஆபத்தும் அகதி ஒப்பந்தத்துக்குள் வரும். அதற்கு மேலுள்ள அப்பர் ட்ரிப்யூனலின் 2013, 2021 வழிகாட்டுத் தீர்ப்புகள்தான் இலங்கைத் தமிழர் வழக்குக்கு அடிப்படை. தமிழர் என்பதோ முகாமில் வளர்ந்தவர் என்பதோ மட்டும் போதாது. பிரிவினைவாத நடவடிக்கையில் முக்கியப் பங்கு உள்ளவராக இலங்கை அரசு கருதுமா என்பதே கேள்வி. கூட்டத்தோடு நிற்கிற போட்டோ ஐம்பது கொடுப்பதை விட, அமைப்பில் அவன் வகித்த பொறுப்பைக் காட்டும் கடிதம் இரண்டு மேல்.

பழையாறு:
இந்தியக் குடியுரிமைக் கேள்விக்கு: குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3. 1.7.1987-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி மதுரைக் கிளை 2022-ல் உத்தரவிட்டது இதை வைத்துத்தான். அதற்குப் பிறகு 2004 டிசம்பர் 3-க்கு முன் பிறந்தவர் என்றால், பிறந்தபோது தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். பையன் 1995, இருவரும் இலங்கையர், ஆக இந்தியர் இல்லை. நகராட்சி பிறப்புச் சான்றிதழ் பிறந்த இடத்துக்குத்தான் சான்று, குடியுரிமைக்கு அல்ல. தாய் வழியில் மலையகத் தொடர்பு உண்டா என்று மட்டும் கேளுங்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை வாங்கிய குடும்பம் என்றால் கணக்கே மாறும். இரண்டு நாட்டுக் குடியுரிமை உள்ளவர் இரண்டு நாட்டுக்கும் போக முடியாது என்று காட்டியாக வேண்டும். சட்டநிலை குறித்து இந்திய வழக்கறிஞர் ஒருவரின் கருத்துரையை பாரிஸ்டர் கேட்கலாம், ஆச்சரியப்படாதீர்கள்.

முகாம் பேப்பர்: அகதி அடையாள அட்டை, முகாம் குடும்ப அட்டை, வந்தபோது பதிந்த விவரம், பள்ளி மாற்றுச் சான்றிதழ். பழவிளையோ, பெருமாள்புரமோ, கோழிவிளையோ, எந்த முகாமானாலும் நடைமுறை ஒன்றுதான், ஆட்சியர் அலுவலகம் வழியாகக் கேட்கணும். மூல அட்டையை கூரியரில் அனுப்பாதீர்கள், அது போனால் உதவித்தொகை, ரேஷன் எல்லாம் நிற்கும். இரண்டு பக்கமும் கலரில் ஸ்கேன் போதும்.

கோர்ட் வாசலில் டைப் அடிக்கும் அஃபிடவிட் வேண்டவே வேண்டாம். லண்டன் ட்ரிப்யூனலுக்கு ஸ்டாம்ப் பேப்பரும் நோட்டரி முத்திரையும் தேவையில்லை. "இதிலுள்ளவை உண்மை" என்ற உறுதிமொழி, கையெழுத்து, தேதி இருந்தால் சரி. தாய்க்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று என்று ஒரே அச்சில் வார்த்த வாக்குமூலம் போனால், இரண்டையும் ஒரே ஆள் எழுதினார் என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும். தாய் தன் வாயால் தமிழில் சொல்லி, தமிழிலேயே எழுதி, அவரே கையெழுத்துப் போடணும். கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு, அதன் அடியில் மொழிபெயர்த்தவர் பெயர், தகுதி, தேதி, கையெழுத்து. நினைவில்லாத தேதியை ஊகித்துப் போடாமல் "மழைக்காலம், வருஷம் நினைவில்லை" என்றே எழுதுங்கள். பையன் ஹோம் ஆபீஸ் நேர்காணலில் சொன்ன தேதிக்குத் தாயைப் பொருத்தி எழுதவைத்தால் குறுக்கு விசாரணையில் கிழியும்.

முட்டம்47:
ஒரு சங்கதி விட்டுப்போச்சு. மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும்போது 'இலங்கைத் தமிழா, இந்தியத் தமிழா' என்று சொல்லணும். இவன் நாஞ்சில் நாட்டுப் பேச்சில் வளர்ந்தவன். நம்ம "அன்னைக்கு வந்தாங்க" (அன்றைக்கு வந்தார்கள்) யாழ்ப்பாணக் காதில் "அண்ணைக்கு", அதாவது அண்ணனுக்கு என்று விழலாம். "பைய வந்தான்" (மெதுவாக வந்தான்) என்பதும் எல்லாருக்கும் புரியாது. நேர்காணல் பதிவைப் பையனை வரிக்கு வரி படிக்கச் சொல்லி, தப்பிருந்தால் சொலிசிட்டரிடம் இப்பவே எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். விசாரணை அன்று "மொழிபெயர்ப்புத் தப்பு" என்றால் சாக்காகத் தெரியும்.

குமரிக்கடல்:
ரொம்ப நன்றி. தாய் வாட்ஸ்அப் வீடியோவுல சாட்சி சொல்லலாமா?

வேளிமலை:
நேரே போன் போட்டு முடியாது. வேறொரு நாட்டில் இருந்தபடி வாய்மொழிச் சாட்சி சொல்ல அந்த நாட்டுக்கு ஆட்சேபணை இல்லை என்று தெரிய வேண்டும் என்று 2021-ல் அப்பர் ட்ரிப்யூனல் சொல்லியிருக்கிறது. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தில் இதற்கென ஒரு பிரிவு உண்டு, அங்கே கேட்டுப் பதில் வரக் காலமும் காசும் ஆகும். எழுத்து வாக்குமூலத்துக்கு இந்தத் தடை இல்லை. குறுக்கு விசாரணை இல்லாததால் அதன் எடை கொஞ்சம் குறையும், அதைத்தான் முகாம் பதிவுகள் ஈடுகட்டணும். தாய் எதை நேரில் கண்டார், எதைப் பிறர் சொல்லிக் கேட்டார் என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். வீடியோ கட்டாயம் வேண்டும் என்று பாரிஸ்டர் நினைத்தால் விசாரணைத் தேதி குறிக்கும் முன்பே மனு போடட்டும்.

பழையாறு:
இன்னொன்று. வழக்கு நடக்கும்போது "உறுதிக் கடிதம்" கேட்டுச் சென்னைத் துணைத் தூதரகத்துக்குப் போக வேண்டாம். பயப்படும் அரசிடமே போய்ப் பேப்பர் வாங்கினதா ஆகிப்போகும்.