கல்நார் உள்ளீட்டுக் கதவு: சொல் வேண்டும்

வணக்கம். டர்பன் நகரத்துப் பழைய கடைக் கட்டடங்களுக்கான தமிழ்ப் பாதுகாப்புக் கையேட்டில் ஒரு சொல் சிக்கிக்கொண்டு நிற்கிறது. வெளியே மரம், நடுவில் ஆஸ்பெஸ்டாஸ், அதாவது கல்நார் அட்டை. நெருப்புக்காக வைத்த கதவு. ‘கல்நார்க் கதவு’ என்றே வைத்துவிடலாமா? ‘அகக்காழ்க் கதவு’ (காழ் என்றால் மரத்தின் வயிரம்) என்கிறார் ஒரு தமிழாசிரியர். ‘தீயணைப்புக் கதவு’, ‘தீத்தடுப்புக் கதவு’ இரண்டும்கூட வந்திருக்கின்றன.

*

அக்கா, வணக்கம். பழைய கிரே தெரு, இப்போதைய டாக்டர் யூசுப் தாதூ தெருப் பக்கம் கதவு வேலை பார்ப்பவன் நான். இலக்கணம் அதிகம் தெரியாது, கதவு தெரியும்.

‘தீயணைப்பு’ வேண்டவே வேண்டாம். கதவு எதையும் அணைப்பதில்லை. அரைமணி, ஒரு மணி, இரண்டு மணி என்று தாங்கி நிற்கும். அதற்குள் ஆட்கள் படியிறங்கிவிட வேண்டும். அதனால் ‘தீத்தாங்கு கதவு’.

‘கல்நார்க் கதவு’ என்று படித்தவர் கூரைத் தகடு மாதிரி சாம்பல் நிறத்தில் ஒன்றைத் தேடிப் போவார். ஆனால் இந்தக் கதவில் மேலே ஒட்டுப்பலகை, ஓரத்தில் மரப்பட்டி, அதற்கு மேல் நாலு தலைமுறைப் பெயிண்ட். பூட்டு மாற்ற வருகிறவர் பழைய பூட்டை உருவியதும் பூட்டுக்குழியின் பக்கத்தில் வெளிறிய அட்டை நார்நாராகப் பிய்ந்து தெரியும். குழியைச் சுரண்டி, வாயால் ஊதி, புதுப் பூட்டை நுழைப்பார். தூசி நேரே அவர் முகத்துக்குத்தான் வரும். அடி தேய்க்கிறதென்று இழைப்புளி போடுவதும், கண்ணாடி பதிக்க அறுப்பதும் அதே கதைதான். துடைப்பத்தால் பெருக்கினால் இன்னும் மோசம். யாரும் கை வைக்காமல் முழுசாக நிற்கிற கதவு அவ்வளவு தொல்லை தராது. ஜிப்சம் நிரப்பிய கதவும் வெளிப்பார்வைக்கு இப்படித்தான் இருக்கும். சோதனைக்கூடம் ‘இல்லை’ என்று சொல்லும்வரை ‘இருக்கிறது’ என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

அகக்காழ் அழகான சொல்தான். ஆனால் தொல்காப்பியம் மரத்தை அப்படிச் சொன்னது உள்ளே வயிரம் பாய்ந்திருப்பதால். இந்தக் கதவுகளில் பல பழுப்புக் கல்நார் கலந்த மென்பலகை வைத்தவை, முறிந்த இடத்தைத் தொட்டால் விரலோடு வரும். அதற்குப் போய்க் காழ் என்று பெயரா? (அந்தப் பழுப்புக்கு ‘அமோசைட்’ என்ற பெயரே தென்னாப்பிரிக்கச் சுரங்க நிறுவனம் ஒன்றின் முதலெழுத்துகளிலிருந்து வந்தது. லிம்போப்போ மாகாணத்தின் பெங்கேயில் தோண்டியது. இந்த நாட்டுச் சரக்குதான்.)

என் ஓட்டு ‘உள்ளீடு’க்கு. உள்ளீடற்ற மூங்கில் என்றால் யாருக்கும் புரியும். கணினிக்காரர்கள் இடையில் வந்து எடுத்துக்கொண்டார்கள், அது வேறு விஷயம். ஆக, ‘கல்நார் உள்ளீட்டுத் தீத்தாங்கு கதவு’.

*

தம்பி, உள்ளீடு எனக்கும் பிடித்திருக்கிறது. முழுப் பெயர் கையேட்டுக்கும் கட்டடப் பதிவேட்டுக்கும் சரி. கதவில் ஒட்டும் சீட்டில் அவ்வளவு நீளம் யார் படிப்பார்கள்? அங்கே ‘உள்ளே கல்நார். துளைக்காதீர்’ போதும்.

இன்னொரு சொல்லையும் இப்போதே முடித்துவிடுவோம். இந்த நாட்டில் 2020இல் வந்த கல்நார் ஒழுங்குவிதிகளின் பெயரிலுள்ள ‘Asbestos Abatement’ என்பதை வரைவில் ‘கல்நார் அகற்றல்’ என்று எழுதியிருக்கிறார்கள். அது ஆபத்து. விதி முதலில் கேட்பது எங்கெங்கே இருக்கிறது என்ற பட்டியலையும், அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற திட்டத்தையும். அகற்றுவது அதில் ஒரு வழிதான், அதையும் விதிப்படிதான் செய்ய வேண்டும். கல்நாருக்கு 2008இல் வந்த தடையும் ஏற்கெனவே நிற்கிற கதவைப் பிடுங்கச் சொல்லவில்லை. ‘அகற்றல்’ என்று அச்சடித்தால் கடைக்காரர் ஞாயிற்றுக்கிழமை ஆளை வைத்து உடைத்துக் குப்பையில் போட்டுவிடுவார். ‘கல்நார்த் தணிப்பு’ என்று மாற்றுகிறேன்.

*

தணிப்பு நன்றாக இருக்கிறது அக்கா. சீட்டில் மட்டும் ஆங்கிலத்தையும் ஜூலுவையும் மேலே போடுங்கள், தமிழ் அடியில் இருக்கட்டும். வேலைக்கு வரும் பிள்ளைகளில் தமிழ் வாசிப்பவர்கள் குறைவு. ஒட்டுகிற இடம் பூட்டுக்குச் சற்று மேலே. பூட்டுக்காரர் கண் முதலில் போவது அங்கேதான். காகிதம் என்றால் அடுத்த பெயிண்டில் மறைந்துவிடும், தகடாகச் செய்யுங்கள். பசையால் ஒட்டச் சொல்லுங்கள். யாராவது திருகு போட்டு முடுக்கிவிடப் போகிறார்கள்.