முதுகுவலி, ஃபைப்ரோமயால்ஜியா: கிரேனியோசேக்ரல் தெரபி போய்ப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

திருநகர் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 44 வயது, திருமங்கலம் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியை, தினமும் பஸ்ஸில்தான் போய் வருகிறேன். முதுகுவலி பல வருடமாக இருக்கிறது. முதலில் இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் மட்டும் பிடிக்கும், அப்புறம் கழுத்து, தோள்பட்டை, முழங்கை, தொடை என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து இப்போது வலிக்காத இடம் எது என்று தேட வேண்டியிருக்கிறது. ராத்திரி முழுக்கப் படுத்திருந்தாலும் காலையில் ஒரு மூட்டை நெல் தூக்கியவள் போலத்தான் எழுந்திருக்கிறேன். எம்ஆர்ஐ எடுத்தாயிற்று, வயதுக்கு ஏற்ற தேய்மானம்தான் என்றார்கள். உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று பார்க்கும் ஈஎஸ்ஆர் ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறது. போன இடத்தில் எல்லாம் "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லம்மா, மனசைத் தைரியமா வச்சுக்கோங்க" என்றே அனுப்பினார்கள். கடைசியில் ஒரு ருமட்டாலஜிஸ்ட்தான் (வாதநோய் மருத்துவர்) பொறுமையாகக் கேட்டு, இது ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி பிரிகாபலின் என்ற நரம்புவலி மாத்திரையை எழுதிக் கொடுத்தார். கொஞ்சம் தேவலை, ஆனால் பகலெல்லாம் தலை கிறுகிறுக்கிறது. இந்த வருடம் சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவைக்குத் தல்லாகுளத்தில் நின்றுவிட்டு வந்தேன், அந்த வலி இறங்கவே வாரக்கணக்கில் ஆனது.

இப்போது என் நாத்தனார் கிரேனியோசேக்ரல் தெரபி என்று ஒன்றைச் சொல்கிறார். தலையையும் முதுகுத்தண்டின் அடியையும் மெதுவாகத் தொட்டே வலியை எடுத்துவிடுவார்களாம். மதுரையிலேயே ஒரு இடத்தில் விசாரித்தேன். பத்து தடவைக்கு மொத்தமாக முன்பணம் கட்ட வேண்டுமாம், கட்டினால் மூன்றாவது தடவையிலேயே மாத்திரையை விட்டுவிடலாம் என்றார்கள். கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கிறது. போய் வந்தவர்கள் இருந்தால் நல்லதோ கெட்டதோ உள்ளபடி சொல்லுங்கள்.

சின்னாளப்பட்டி செல்வி:

டீச்சர், எனக்கும் அதே வியாதிதான். காலையில் எழுந்திருப்பதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் யாரோ என்னைப் பற்றியே எழுதியது மாதிரி இருந்தது.

கோயம்புத்தூரில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது இந்தத் தெரபிக்குக் கொஞ்ச நாள் போனேன். எண்ணெய் கிடையாது, உடுப்பை மாற்ற வேண்டியதில்லை, மல்லாந்து படுக்க வைத்தார்கள். அந்தம்மா பிடரிக்குக் கீழே இரண்டு கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார், அப்புறம் இடுப்புக்குக் கீழே ஒரு கை, வயிற்றின் மேல் ஒரு கை. அழுத்தம் என்று எதுவுமே இல்லை. ஒரு மணி நேரம் பேச்சு மூச்சில்லாமல் போனது. எனக்கு யாராவது தோளைத் தட்டிக் கூப்பிட்டாலே சுள்ளென்று வலிக்கும், அதனால் வலிக்காமல் தொட்டவர் என்று அவரைத்தான் சொல்வேன். போன அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன், இரண்டு மூன்று நாள் உடம்பு லேசாக இருந்தது, அப்புறம் வலி பழையபடி வந்துவிட்டது. ஊருக்குத் திரும்பியதும் விட்டுப் போயிற்று.

கெடுதல் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள் என்கிறீர்களே, அது எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குச் செய்தவர் மாத்திரையைப் பற்றிப் பேசவே இல்லை, அது உங்கள் டாக்டர் விஷயம் என்று சொல்லிவிட்டார்.

அண்ணாநகர் பிசியோ:

நான் பிசியோதெரபிஸ்ட். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் டீச்சர்.

முதலில் ஒன்று. உங்கள் வலி நிஜம். ஃபைப்ரோமயால்ஜியாவில் எலும்பிலோ சதையிலோ பழுது தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் காட்டாது. மூளையும் தண்டுவடமும் வலிச் செய்தியைக் கையாளும் விதம் மாறிப்போய், சாதாரணமாகத் தொடுவதைக்கூட உடம்பு வலியாக எடுத்துக்கொள்கிறது, அதோடு அசதி, ஆழமில்லாத தூக்கம், மறதி எல்லாம் வரும். ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்றால் வலி இல்லை என்று அர்த்தமில்லை. உங்களைத் திருப்பி அனுப்பியவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இனி கிரேனியோசேக்ரல். இதன் வேர் அமெரிக்காவில் வில்லியம் சதர்லேண்ட் என்ற ஆஸ்டியோபதி (எலும்பு, தசைகளைக் கையால் சரிசெய்யும் வைத்தியமுறை) மருத்துவரிடம் இருக்கிறது. மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று மெல்ல அசைகின்றன என்பது அவர் கருத்து, 1939-ல் புத்தகமாகவும் போட்டார். 1970-களில் ஜான் அப்லெட்ஜர் என்பவர் அதை இன்றைய தெரபியாக வளர்த்தார். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி இருக்கும் நீருக்கு ஒரு தாளம் உண்டு, அதைக் கையால் உணர்ந்து தடங்கலை எடுத்துவிடலாம் என்பதுதான் இவர்கள் சொல்வது. 5 கிராம் அளவுக்கு மேல் அழுத்தக்கூடாது என்பார்கள்.

அந்த நீர் இருப்பது உண்மை. ஆனால் வளர்ந்தவர்களின் மண்டையோட்டு இணைப்புகள் பெரும்பாலும் இறுகிப் போனவை, 5 கிராம் தொடுகைக்கு அசையாது. அந்தத் தாளத்தைத் தெரபிஸ்டுகள் உண்மையில் உணர்கிறார்களா என்றும் சோதித்திருக்கிறார்கள். 1994-ல் வெளிவந்த ஒரு ஆய்வில் ஒரே ஆட்களை வெவ்வேறு தெரபிஸ்டுகள் தொட்டுக் கணக்கெடுத்தபோது ஆளுக்கொரு எண் வந்தது. உடம்பில் இருப்பதை அளந்திருந்தால் அப்படி வந்திருக்காது.

வலி குறைகிறதா என்பது தனிக் கேள்வி. 2020-ல் ஜெர்மனி ஆய்வாளர்கள் 10 ஆய்வுகளை, மொத்தம் 681 நோயாளிகளை, சேர்த்துப் பார்த்து, நாள்பட்ட வலியில் ஆறு மாதம் வரை கொஞ்சம் பலன் தெரிகிறது என்றார்கள், அதில் ஃபைப்ரோமயால்ஜியா, முதுகுவலிக்காரர்களும் உண்டு. 2024-ல் ஸ்பெயின்காரர்கள் இன்னும் நிறைய ஆய்வுகளை எடுத்து அலசி, சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை என்று முடித்தார்கள். செல்வி அக்காவுக்குத் தூக்கம் வந்ததை நான் முழுசாக நம்புகிறேன். ஒரு மணி நேரம் அமைதியாகப் படுத்து, வலிக்காத ஒரு கை மேலே இருந்தால் உடம்பின் இறுக்கம் தளரத்தான் செய்யும். அதற்கு மண்டையோட்டுத் தாளம் தேவையில்லை என்பதுதான் என் கருத்து.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன், பிரிகாபலினைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. தூக்கம் கெடும், குமட்டல், தலைவலி, வியர்வை, படபடப்பு எல்லாம் வரலாம். கிறுகிறுப்பை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொல்லுங்கள், அளவையோ நேரத்தையோ மாற்றித் தருவார். மூன்றாவது தடவையில் மாத்திரையை விடலாம் என்று சொல்கிற இடத்துக்கு நான் போகச் சொல்ல மாட்டேன்.

மேலூர்க்காரன்:

பிசியோ சார் சொல்வது சரியாக இருக்கலாம், ஆனால் வலியில் துடிக்கிறவர்களுக்கு ஆய்வுக் கணக்கு ஆறுதல் தராது. என் வீட்டுக்காரிக்கும் இதே பிரச்சினைதான், அவள் படும் பாட்டைப் பார்த்தால் எங்கே சொன்னாலும் கூட்டிக்கொண்டு போகத்தான் தோன்றும். இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினால் அதுவே பெரிய விஷயம் சார்.

நாங்கள் வர்மம், தொக்கணம் (சித்த மருத்துவத்தில் உடம்பைப் பிடித்துவிடுவது) எல்லாம் பார்த்தோம். டீச்சர் கவனிக்க வேண்டியது, அழுத்திப் பிடிக்கிற வைத்தியம் இந்த வியாதிக்கு ஆகாது. ஒருவர் நன்றாக அமுக்கிப் பிடித்ததில் அவள் படுத்த படுக்கையாகிவிட்டாள். பிற்பாடு வேறொரு சித்த மருத்துவர் இளஞ்சூட்டு எண்ணெயை மேலோட்டமாகத் தடவி மட்டும் விட்டார், அது இதமாக இருந்தது. அரசு ஆஸ்பத்திரிகளில் சித்தா பிரிவு இருக்கிறது, பணம் கட்ட வேண்டியதில்லை, அங்கேயும் காட்டலாம். எங்கே போனாலும் மொத்தமாக முன்பணம் மட்டும் கட்டாதீர்கள். பிடிக்காவிட்டால் திரும்ப வாங்குவதற்குள் இன்னொரு வலி வந்துவிடும்.

அண்ணாநகர் பிசியோ:

மேலூர் அண்ணே, ஆறுதல் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. காசு வசதி இருந்து, என்ன வாங்குகிறோம் என்று தெரிந்து போனால் போகட்டும். அந்தக் காசும் தெம்பும் நடைப்பயிற்சிக்கு வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளக்கூடாது, அவ்வளவுதான். ஐரோப்பிய வாதநோய் மருத்துவர்களின் வழிகாட்டுதலில் இந்த வியாதிக்கு வலுவாகப் பரிந்துரைத்த ஒரே விஷயம் உடற்பயிற்சிதான், மருந்துகூட இல்லை.

எப்படித் தொடங்குகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வலி குறைந்த நாளில் உற்சாகத்தில் தெப்பக்குளத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த நாலு நாள் படுத்துக்கொள்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஐந்து நிமிடம் நடந்தால் போதும். நல்ல நாளிலும் அதே ஐந்து, மோசமான நாளிலும் முடிந்தால் அதே ஐந்து. இரண்டு வாரம் உடம்பு ஒத்துக்கொண்டால் ஓரிரு நிமிடம் கூட்டலாம். வகுப்பில் நின்றே பாடம் நடத்தாமல் ஒரு நாற்காலி போட்டு மாறி மாறி உட்காருங்கள், தலைமையாசிரியரிடம் டாக்டர் சீட்டைக் காட்டிக் கேட்கலாம், அதில் கூச்சமே வேண்டாம்.

திருநகர் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பேர் பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. முன்பணம் கட்டப் போவதில்லை. மாத்திரையைத் தொடர்கிறேன், அடுத்த முறை டாக்டரிடம் கிறுகிறுப்பைச் சொல்கிறேன். செல்வி அக்கா சொன்னதைக் கேட்டதும் ஒரு தடவை மட்டும் பணம் கொடுத்துப் பார்க்கலாமா என்று மனது இன்னும் இழுக்கிறது. ஒரு சந்தேகம். போன மாதம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது விழுந்து பின்மண்டையில் அடிபட்டது, ஸ்கேன் எதுவும் எடுக்கவில்லை, அவ்வப்போது தலைவலி வருகிறது. அதனால் ஏதாவது உண்டா?

அண்ணாநகர் பிசியோ:

உண்டு டீச்சர், அப்படியானால் இப்போது போகவே வேண்டாம். தலையில் அடிபட்டு அதிக நாள் ஆகாதவர்கள், மூளையில் ரத்தக்கசிவோ ரத்தக்குழாய் வீக்கமோ இருப்பவர்களுக்கு இதைச் செய்யக்கூடாது என்று அந்தத் தெரபிக்காரர்களே சொல்வார்கள். அடிபட்டபின் வருகிற தலைவலியை ஃபைப்ரோமயால்ஜியா கணக்கில் எழுதிவிடாதீர்கள், ரத்தம் மெதுவாகக் கசிந்து வாரக்கணக்கில் கழித்துத் தெரிய வருவதும் உண்டு. நாளைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சில் தடுமாற்றம், ஒரு பக்கம் கை கால் பலவீனம் எதுவாவது இருந்தால் நாளை வரை காத்திருக்காமல் இப்போதே பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். முதுகுவலியிலும் அப்படித்தான், சிறுநீர் மலம் அடக்க முடியாமல் போவது, தொடை இடுக்கு மரத்துப்போவது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது இவை வந்தால் உடனே காட்ட வேண்டும், நம் ஊரில் முதுகெலும்பு டிபியும் இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.

சின்னாளப்பட்டி செல்வி:

டீச்சர், தனியாகப் போகாதீர்கள், நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.