பிடுங்கி எறிந்த லுசுலா நாற்று

சாட்ஸ்வர்த், டர்பன்:
அண்டர்பெர்க் ஊர் நண்பர் தன் பாறைத் தோட்டத்துச் செடியிலிருந்து லுசுலா ஆப்பிரிக்கானா என்ற புல் போன்ற மலைச்செடியின் விதை கொடுத்தார். எட்டு வாரம் ஈரமணலோடு ஃபிரிட்ஜில் வைத்து, ஆகஸ்டில் தட்டில் தூவினேன். அக்டோபர் வரை ஒன்றுமில்லை. நவம்பரில் தட்டு நிறையப் புல். சரி, களைதான் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசியாகக் கையில் வந்ததை வெயிலுக்கு நேரே பிடித்தபோது இலை ஓரத்தில் நீள நீளமாக வெள்ளை மயிர். தாய்ச்செடியில் பார்த்த அதே மயிர்! குவியலைக் கிளறினேன். பதினொன்று கிடந்தன, வேர் காய்ந்து. உடனே நட்டேன், ஒன்றும் பிழைக்கவில்லை. வருஷம் ஒன்றாகிவிட்டது, அந்த மயிர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

ஹோவிக்:
எனக்கு லுசுலா காயைப் பிரித்த நாள் மறக்காது. அதன் உறவான ஜுன்கஸ் என்ற கோரை போன்ற செடியின் காய் மாதிரி தூசியாகக் கொட்டும் என்று வெள்ளைத் துணி விரித்திருந்தேன். மூன்றே விதை. அடுத்த காயிலும் மூன்றுதான்.

கேப் டவுன்:
புகை காட்டினீர்களா? நாணல் மாதிரியான என் ரெஸ்டியோ செடியின் விதை இரண்டு வருஷம் கல்லாகக் கிடந்தது. புகைத்தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன், மூன்றாம் வாரம் பச்சை ஊசி மாதிரி தலைகாட்டியது. டி லாங்கே, பூஷேர் என்ற ஆய்வாளர்கள் ஃபின்போஸ் என்கிற கேப் பகுதிப் புதர்க்காட்டு விதையில் இதைக் கண்டு 1990லேயே எழுதிவிட்டார்கள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
அக்கா, ஃபின்போஸ் கதை வேறு, லுசுலா மாதிரி டிராகன்ஸ்பெர்க் மலை உச்சிச் செடியின் கதை வேறு. சாட்ஸ்வர்த் அண்ணாவுக்குப் புகை இல்லாமலேயே முளைத்திருக்கிறதே! எனக்கும் அப்படித்தான், ஆனால் ஜனவரிப் புழுக்கத்தில் எல்லாம் அழுகிப்போயின.
அண்ணா, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். மண்ணை முதலில் ஆவியில் வேகவையுங்கள், களை விதை பாதி செத்துவிடும். விதையை ஆழமாகப் புதைக்காதீர்கள், மேலே மெல்லிசாக மணல் தூவினால் போதும். அப்புறம், அதே மண்ணை இன்னொரு தட்டில் விதை போடாமல் பக்கத்திலேயே வையுங்கள். இரண்டிலும் முளைப்பது களை. விதைத்த தட்டில் மட்டும் வருவதை நாலு இலை விடும்வரை தொடாதீர்கள். நாற்று வந்தபின் மதிய வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடம் வேண்டும். விதை போதவில்லை என்று அந்த மலையின் சானி கணவாய்ப் பக்கம் போய்ப் பறித்துவிடாதீர்கள். அங்கே பாதுகாக்கப்பட்ட காட்டுப் பகுதியில் அனுமதியில்லாமல் ஒரு காய்கூடத் தொடக்கூடாது.

சாட்ஸ்வர்த், டர்பன்:
இரண்டு தட்டு யோசனைக்கு நன்றி தம்பி, அதை அப்படியே செய்கிறேன். நண்பர் மறுபடி பத்துக் காய் அனுப்பியிருக்கிறார், இப்போது ஃபிரிட்ஜில் ஐந்தாவது வாரம். அந்தப் பதினொன்றில் ஒன்றை மட்டும் நோட்டுக்குள் அழுத்தி வைத்திருக்கிறேன், இந்தமுறை முளைப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க.