24.8 ஹெச்பி போதும்னு அடிச்சு விட்டவருக்கு ஒரு கேள்வி

கொங்கு பையன்:
போன வாரம் புதுக்காணின்னு ஒருத்தர் இங்க கேட்டிருந்தாரு. ஒன்டாரியோவுல கின்மவுண்ட் பக்கம் 40 ஏக்கர் காடு வாங்கியிருக்காராம், மேப்பிள், ஹெம்லாக், நடுவுல பாறை, ஒரு ஓரமா சதுப்பு. விவசாயம் எதுவும் கிடையாது, வீக்கெண்ட் குடும்பத்தோட போய் டென்ட் போட்டுட்டு வர்றதுக்கு. 2025 மார்ச் கடைசில அடிச்ச ஐஸ் மழையில பாதை பூரா மரம் விழுந்து கெடக்கு, அதை இழுத்துப் போடணும், பாதைக்கு ஜல்லி கொட்டணும், முதல் டிராக்டர் எது வாங்கலாம்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. அதுக்கு நம்ம பரந்தன் அண்ணை போட்ட பதில் இதுதான்: "24.8க்கு மேல காட்டுக்கு வாங்கிறவன் டீலரின்ர பிள்ளைக்கு பீஸ் கட்டுறவன்." அதோட திரி முடிஞ்சுது, ஆளாளுக்கு லைக் போட்டுட்டு போயிட்டாங்க. ஏனுங்க, நான் குபோட்டா எல்3301 டிராக்டர் வெச்சிருக்கேன், 33 ஹெச்பி. நான் யார் பிள்ளைக்கும் பீஸ் கட்டல. 25க்கு மேல வாங்கினவன் எல்லாம் கேனையனா? காரணம் சொல்லுங்க, கேட்டுக்கறேன்.

பரந்தன் அண்ணை:
தம்பிக்குச் சுட்டுட்டுது போல.

ஏன் 24.8 எண்டு யோசிச்சுப் பாத்தனீங்களோ? குபோற்றாக்காரனுக்கு 25 எண்டு எழுதத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவின்ர டியர் 4 புகைச்சட்டம் 19 கிலோவாட்டில கோடு கீறி வைச்சிருக்கு, கனடாவும் அதையே பிடிச்சிருக்கு. 19 கிலோவாட் எண்டால் இருபத்தைஞ்சரை எச்பி. கோட்டுக்குக் கீழ நிண்டால் ஒரு கிலோவாட் மணிக்கு கரித்தூள் 0.40 கிராம் மட்டும் விடலாம், மேல போனால் 0.03 தான். அதுக்காக மேல உள்ளதில அநேகமா டிபிஎப் எண்டு கரி பிடிக்கிற ஒரு வடியை சைலன்சருக்க வைச்சிருப்பினம், அதுக்குள்ள கரி நிரம்பினால் 600 பாகை அளவில சூடாக்கி எரிக்கவேணும். அந்தத் தலையிடி வேண்டாமெண்டு தான் குபோற்றா எல்2501 24.8, கியோற்றி சிகே2610 24.5, ஜோன் டியர் 1025ஆர் 23.9. எல்லாரும் ஒரே கோட்டுக்குக் கீழ வரிசையாக் குந்தியிருக்கினம்.

காட்டு வேலை என்ன மாதிரி? மரத்தடியில நிப்பாட்டி, இறங்கி, சங்கிலி கொழுவி, ஏறி, ஐம்பதடி இழுத்து, திரும்ப இறங்கி, கழட்டி. எஞ்சின் பாதி நேரம் சும்மா நிண்டு உறுமும். அப்பிடி ஓடினால் வடி சூடாகாது, கரி அடைச்சுக்கொண்டே போகும். 24.8. காரணம் கேட்டியள், தந்திட்டன்.

கொங்கு பையன்:
கணக்குப் பாடத்துக்கு நன்றிங்க. நாங்களும் இன்ஜினியரிங் படிச்சுட்டுத்தான் ப்ளைட் ஏறினோம். கரி நிறைஞ்சா டேஷ்ல லைட் எரியும், சமதளத்துல நிறுத்தி பட்டனை அமுக்கிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா தானா எரிச்சு முடிச்சிருக்கும். இதுக்கா இந்த பில்டப்பு? என்கிட்ட சிப்பர் இருக்கு, கிளையைத் தூளாக்கற மெஷின், வாலன்ஸ்டைன், ஒன்டாரியோவுலயே செய்யறது. ஐஸ் மழையில விழுந்தது பூரா கிளை, கிளை, கிளை. அதை உங்க 24.8ல விட்டு அரைச்சுப் பாருங்க, மொத்தமா ஒரு கிளை உள்ள போனா இன்ஜின் மூச்சு வாங்கும்.

இன்னொண்ணு, டிபிஎஃப் வேண்டாம்னா 25க்குக் கீழதான் போகணும்னு யார் சொன்னா? மஹிந்திரா எம்சிஆர்டி இன்ஜின்ல டிபிஎஃப் இல்லாமலேயே அதுக்கு மேல குடுத்திருக்கான். நம்மாளு. எண்ணிக்கையில பார்த்தா உலகத்துலயே அதிக டிராக்டர் விக்கற கம்பெனி. உங்க லிஸ்ட்ல மட்டும் பேரையே காணோம், என்ன காரணமோ.

பனங்கொட்டை:
வந்திட்டுதையா நம்மாளு. இனி திரி பூட்டுமட்டும் மஹிந்திரா தான்.

பரந்தன் அண்ணை:
மஹிந்திராவை இஞ்ச ஆர் கேட்டது? சிப்பரை ஆர் கேட்டது? புதுக்காணி கேட்டது மரம் இழுக்க. இழுக்கிறது எச்பி இல்லை தம்பி, பாரம். எல்2501ஐயும் உங்கட எல்3301ஐயும் பக்கத்தில பக்கத்தில நிப்பாட்டிப் பாருங்கோ, அதே உடம்பு, முன்னுக்கு மண் அள்ளுற அதே எல்ஏ525 லோடர். நீங்கள் கூடக் குடுத்த காசுக்கு வந்தது அந்த வடி தான்.

பதினாறு அடி நீளம், பதினாறு இஞ்சி விட்டம், பச்சை மேப்பிள் எண்டு வையுங்கோ, 1200 இறாத்தலுக்கு மேல வரும். அதை இழுக்கேக்க சில்லு பிடிக்குதோ சுத்துதோ எண்டது தான் கேள்வி. எஞ்சின் ஏலாமல் நிண்டது எண்டு ஒருத்தரும் வந்து சொல்ல மாட்டினம், ஏனெண்டால் அதுக்கு முதலே சில்லு சுத்தத் தொடங்கீடும். பின் டயருக்குள்ள பீற் கிழங்குச் சாறு ஏத்துங்கோ, ரிம் துருப்பிடிக்காது, இந்தக் குளிருக்கும் உறையாது. காசு கட்டாட்டில் கார்க்கண்ணாடி கழுவுற நீலத்தண்ணி, -40 எண்டு போட்டிருக்கிறது. கல்சியம் குளோரைட்டு மட்டும் வேண்டாம், ரிம்மைத் திண்டிடும். பாரத்தைக் கூட்டுங்கோ, எச்பியை இல்லை. 24.8.

ஹலிபேட்டன் அக்கா:
ரெண்டு பேரும் எந்த எச்பியைப் பற்றிச் சண்டை பிடிக்கிறியள்? 24.8 எண்டது எஞ்சின்ர. பின்னுக்கு பிடிஓவில, அதான் பூட்டுற சாமானைச் சுத்துற தண்டில, வாறது கியர் மாத்தத் தேவையில்லாத எச்எஸ்டி பெடல் மொடலில 19, கியர் மொடலில 20.5. சிப்பருக்கு அந்த நம்பர் வேணும், மரம் இழுக்க அது தேவையே இல்லை. ரெண்டு பேரும் ரெண்டு வேலையைக் கதைக்கிறியள்.

புதுக்காணி வாசிக்கிறீரெண்டால்: முதல் வேலை எச்பி பாக்கிறதில்லை. ட்ரக்டருக்கு அடிப்பக்கம் குனிஞ்சு பாரும், பில்ற்றர், ஓயில் குழாய் எல்லாம் எவ்வளவு வெளியில தொங்குது எண்டு. காட்டுக்குள்ள இலைக்குக் கீழ வெட்டின கட்டை முளை மாதிரி நிக்கும், ஏறினால் குழாய் போச்சு. தகட்டுக் கவசம் ஒண்டு போடும். ரெண்டாவது, சங்கிலியை பின் அச்சுக்குக் கீழ இருக்கிற இழுவைக் கட்டையில தான் கொழுவவேணும். மேல கொழுவி, மரம் வேரில சிக்கிச்செண்டால் முன் சில்லு எழும்பி உம்மட தலைக்கு மேலால வரும். இறங்க நேரம் இராது. மரம் தூரத்தில கிடந்தால் உள்ள ஓடிப்போகாமல் கம்பிவடம் சுத்தி இழுக்கிற விஞ்ச் வைச்சு இழும்.

பரந்தன் அண்ணை:
பாத்தியளே, அக்காவும் 24.8 எண்டு தான் சொல்லுறா.

ஹலிபேட்டன் அக்கா:
நான் அப்பிடிச் சொல்லேல்லை.

கொங்கு பையன்:
அக்கா சொன்னது 19. உங்க 24.8 பின்னாடி வர்றப்போ 19 ஆயிடுது. இதை மூடி வெச்சுட்டுத்தான் ஒரு வாரமா ஆடிட்டு இருந்தீங்களா?

பரந்தன் அண்ணை:
உங்கட 33உம் பின்னுக்குக் குறையும், அதுக்கு மட்டும் கடவுள் கூட்டிக் குடுக்கிறாரோ. நான் பரந்தனில மசி பேர்கசன் 135 ட்ரக்டர் ஓடின ஆள், எனக்கு ட்ரக்டர் சொல்லித்தர வேண்டாம். கிளட்சை மிதிக்கிற விதத்திலயே ஆர் வயலில பிறந்தவன், ஆர் வீடியோ பாத்துப் பழகினவன் எண்டு தெரியும். இப்பத்தைய ஆக்களுக்கு பெடல் வேணும், குடைக்கூரை வேணும், கோப்பை வைக்க ஓட்டை வேணும்.

பனங்கொட்டை:
அண்ணை ஒரு சின்னச் சந்தேகம். மசி 135 நாப்பத்தைஞ்சு எச்பி அளவில வருமே. ஊரில 45 ஓடிப்போட்டு இஞ்ச வந்து 24.8 காணும் எண்டால், கனடா மரம் என்ன முருங்கையோ?

பரந்தன் அண்ணை:
அது சேத்துழவு. பகிடி விடுறதெண்டால் வேற திரிக்குப் போங்கோ. மசி எங்க பிறந்தது எண்டு தெரியுமோ உங்களுக்கு? இஞ்ச ஒன்ராறியோவில. மசி குடும்பம் ரொறன்ரோக்காரர், ஷூட்டர் தெருவில 1894இல திறந்த மசி ஹோல் எண்ட சங்கீத மண்டபம் அவையின்ர காசு தான். நான் ஊரில ஓடினதே கனடா மெசின்.

கொங்கு பையன்:
ஐயா, மாஸி ஹாரிஸ் டொரான்டோ கம்பெனி, சரி. 1953ல ஃபெர்குசன் கம்பெனியோட சேர்ந்துச்சு. இலங்கைக்கு வந்த 135 இங்கிலாந்துல கோவென்ட்ரி ஃபேக்டரில செஞ்சது. கனடா மெசினாம். பின்னாடி உங்க ஊருக்கு எங்க சென்னை டாஃபே கம்பெனில இருந்தும் மாஸி போயிருக்கு, அதையும் கனடான்னு சொல்லிடாதீங்க.

பரந்தன் அண்ணை:
என்ர 135இன்ர எஞ்சினில பேர்கின்ஸ், பீற்றர்பரோ எண்டு தகட்டில அடிச்சிருந்தது. கண்ணால கண்டனான். பீற்றர்பரோ கின்மவுண்டுக்குப் போற வழியில தான் இருக்கு, தெரியாட்டில் மப்பைப் பாருங்கோ.

கொங்கு பையன்:
😂😂😂 அது இங்கிலாந்து பீட்டர்பரோங்க!! பெர்கின்ஸ் கம்பெனியே அங்கதான் இருக்கு. லண்டனுக்கு வடக்கால. அட ஆண்டவா.

பனங்கொட்டை:
ஒன்ராறியோவிலயும் ஒரு லண்டன் இருக்கு, அதுக்கும் வடக்கால பாருங்கோ, சில நேரம் அண்ணை சரியா இருக்கலாம்.

பரந்தன் அண்ணை:
எந்தப் பீற்றர்பரோ எண்டது இஞ்ச கதையில்லை. கதையை மாத்த வேண்டாம். 24.8 காணுமோ காணாதோ, அதுக்குப் பதில் சொல்லுங்கோ.

புதுக்காணி:
எல்லாருக்கும் நன்றி. அக்கா சொன்ன தகட்டுக் கவசம் டீலரிட்ட கேக்கிறன். எனக்கு ஒரு கேள்வி தான். பழைய மரவண்டிப் பாதை ஒண்டு இருக்கு, சில இடத்தில ஆறடி தான் அகலம், ரெண்டு பக்கமும் பெரிய ஹெம்லொக். அதுக்குள்ளால எல்2501 போகுமோ, இல்லாட்டில் குபோற்றாவின்ர பிஎக்ஸ் மாதிரிச் சின்னது எடுக்கவோ? சீற்றுக்குப் பின்னால நிக்கிற பாதுகாப்புக் கம்பி கிளையில முட்டுது எண்டால் மடிச்சுப்போட்டு ஓடலாமோ?

பனங்கொட்டை:
தம்பி மரத்தைக் கண்டபாட்டுக்கு வெட்டாதையும். 40 ஏக்கரில மரம் நிண்டால் காட்டுக்கான வரிச்சலுகை கிடைக்கும், வெட்டினால் போயிடும். எங்கட ஆக்கள் காணி வாங்கின உடன வாளோட இறங்கிறது தான் முதல் வேலை.

கொங்கு பையன்:
தப்பு. 4 ஹெக்டேருக்கு மேல காடு இருந்தா அந்தத் திட்டத்துல சேரலாம், சேர்ந்தா அந்த நிலத்துக்கு வரி கால்வாசிதான். ஆனா மரமே வெட்டக்கூடாதுன்னு எங்கயும் இல்ல. ஒரு பராமரிப்புத் திட்டம் எழுதி அனுமதி வாங்கணும், அதுப்படி வெட்டலாம், விறகு எடுக்கலாம். தெரியாம ஆளைப் பயமுறுத்தக் கூடாது.

பனங்கொட்டை:
நான் எங்க வெட்டவே கூடாதெண்டு சொன்னனான்? கண்டபாட்டுக்கு எண்டு எழுதியிருக்கிறன், வாசிக்கத் தெரியுமோ. பிராம்டனில உங்கட வீட்டுக்கு முன்னால நிண்ட மரத்தை வெட்டிப்போட்டு கார் விட இடம் போட்ட படத்தை நீங்கள் தானே இஞ்ச போட்டனீங்கள்.

கொங்கு பையன்:
அது செத்த மரம். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

ஹலிபேட்டன் அக்கா:
புதுக்காணி, கம்பியை மடியாதையும். மடிச்சால் பெல்ற்றும் போடக்கூடாது, சரிஞ்சால் ஆளைக் காப்பாத்த ஒண்டும் இல்லை. கிளையை வெட்டும். ஆறடிப் பாதையெண்டால் லோடர் பக்கெட்டின்ர அகலத்தை அளந்துபோட்டு முடிவெடும், சில மொடலுக்கு பக்கெட் தான் சில்லை விட அகலம். பிஎக்ஸ் பாதையில நல்லாப் போகும், பாறையிலயும் கட்டையிலயும் வயிறு இடிக்கும்.

பரந்தன் அண்ணை:
பிஎக்ஸ் விளையாட்டுச் சாமான். 24.8இல நில்லுங்கோ. தம்பி கொங்கு, உங்களுக்கு அவ்வளவு நம்பிக்கையெண்டால் ஒரு சனிக்கிழமை உங்கட 33ஐ ட்ரெயிலரில ஏத்திக்கொண்டு கின்மவுண்டுக்கு வாங்கோ. நானும் வாறன். ஒரே மரம், ஒரே சங்கிலி. பாப்பம்.

கொங்கு பையன்:
தம்பி தம்பின்னு கூப்பிடறதை நிறுத்துங்க, எனக்கும் ஐம்பது ஆகப் போகுது. வர்றேன். ஆனா மரத்தை நான்தான் செலக்ட் பண்ணுவேன். சிப்பரும் எடுத்துட்டு வருவேன், அதையும் உங்க 24.8ல மாட்டணும்.

பரந்தன் அண்ணை:
சிப்பர் கதை இல்லை. இழுவை மட்டும்.

கொங்கு பையன்:
அப்ப பயமா இருக்குன்னு சொல்லுங்க.

புதுக்காணி:
தயவுசெய்து என்ர காணியில வேண்டாம். சதுப்புப் பக்கம் இன்னும் காயேல்லை, பாதை முழுக்கச் சேறு.

பரந்தன் அண்ணை:
சேத்துக்குத் தான் தம்பி பாரம் குறைஞ்ச மெசின் வேணும். உந்தப் பெரிய சாமான் இறங்கினால் புதையும். 24.8 எண்டு சும்மாவே சொன்னனான்.

கொங்கு பையன்:
ரெண்டும் அதே உடம்புன்னு நீங்கதானே சொன்னீங்க? மேல டயர்ல சாறு ஊத்து, பாரத்தைக் கூட்டுன்னு எழுதினதும் நீங்கதான். இப்ப பாரம் குறைஞ்சது வேணுமா? எதுதான் உங்க கட்சி?

பரந்தன் அண்ணை:
பாரம் வேற, எச்பி வேற. முதலில இருந்து ஆறுதலா வாசிச்சுப்போட்டு வாங்கோ, பேந்து கதைப்பம். நாளைக்கு காலமை ட்ரக்டர் தகட்டைப் படம் எடுத்துப் போடுறன்.

பனங்கொட்டை:
எந்தப் பீற்றர்பரோ தகடு அண்ணை?