குழு வேலை என்றால் ஒருவர் மட்டுமே செய்கிறார், எப்படி மாற்றுவது?

தங்கச்சிமடம் கணக்கு:
வணக்கம். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே கணக்கு எழுதுகிறேன். இப்போது ஜிஎஸ்டியும் எக்செல்லும் ஆன்லைனில் கற்றுத் தருகிறார்கள். ஐந்து பேர் ஒரு குழு. ஆளுக்கொரு ஊர், யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. போன வாரம் கொள்முதல் பதிவேட்டை 2பி-யோடு (விற்றவர்கள் ஏற்றிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் தரும் பட்டியல்) ஒப்பிட்டுத் தரச் சொன்னார்கள். யார் எதைச் செய்யலாம் என்று குழுவில் கேட்டேன். நாலு கட்டைவிரல் வந்தது, வேறு பேச்சில்லை. இரவு ஒரு மணி வரை உட்கார்ந்து நானே முடித்து, ஐந்து பேர் பெயரையும் போட்டு அனுப்பினேன். பாராட்டும் கிடைத்தது.

மறுநாள் குழுவில் இருக்கும் தொண்டித் தங்கை போன் செய்து, "அக்கா, வி-லுக்கப் எந்த ஷீட்ல இருந்து எடுக்குது?" என்று, நான் போட்டிருந்த எக்செல் தேடல் சூத்திரத்தைப் பற்றி மெதுவாகக் கேட்டார். மனது கஷ்டமாகிவிட்டது. அவர் சோம்பேறி இல்லை, கைக்குழந்தைக்காரர். அவருக்கு உதவுகிறேன் என்று நினைத்து, அவர் கற்க வேண்டியதை நான் பறித்திருக்கிறேன். சேர்ந்து படிப்பது எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரைக்காரன்:
தங்கச்சி, வேலையைப் பங்கு போடாதீங்க, பாடத்தைப் பங்கு போடுங்க. 1971-ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் இதைத்தான் செய்தார். வெவ்வேறு இனப் பிள்ளைகள் அப்போதுதான் ஒரே வகுப்பில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள், ஒட்டவே இல்லை. பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுத்தார். தன்னிடம் இல்லாத துண்டுக்கு அடுத்த பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டே ஆக வேண்டும்.

எங்கள் குழுவில் ஒருவருக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போடும் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, ஒருவருக்கு 14-ஆம் தேதி வரும் 2பி, ஒருவருக்கு 20-ஆம் தேதிக்குள் வரி கட்டிப் போடும் 3பி, எனக்கு எக்செல். பக்கத்துக் குழுவில் அதே துண்டைப் படிப்பவரோடு முதலில் பேசிவிட வேண்டும். இதை மட்டும் விடாதீங்க, சொல்லிக் கொடுக்கிற பயம் அங்கேதான் போகும். அப்புறம் ஆளுக்குப் பத்து நிமிடம். கடைசிக் கணக்கை அவரவர் தனியாகப் போட வேண்டும். விற்றவர் பில்லை 11-ஆம் தேதிக்குப் பிறகு ஏற்றினால் அது அடுத்த மாத 2பி-யில்தான் வரும் என்பது, வீடியோவில் மூன்று முறை கேட்டும் பிடிபடாமல், எங்கள் குழு அக்கா சொன்னபோதுதான் எனக்குப் புரிந்தது.

மண்டபம் அக்கா:
தம்பி சொன்னது நல்ல வழி. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார முடியும் என்று வைத்துச் சொல்கிறார். என் வீட்டுக்காரர் போட்டில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார், நான் வகுப்பில் உட்கார்ந்தேன். மற்ற மாதங்களில் நடக்காது. அதனால் இரண்டு நிமிட வாய்ஸ் நோட் வைத்துக்கொண்டோம். கைக்குழந்தை வைத்திருக்கிறவர் அது தூங்கும்போது பேசி அனுப்பட்டும்.

தங்கச்சிமடம் கணக்கு:
இரண்டையும் சேர்த்துச் செய்து பார்த்தோம். 2பி-யைத் தொண்டித் தங்கையிடம் கொடுத்தேன். நாலு வாய்ஸ் நோட், நடுவில் குழந்தை சிணுங்கும் சத்தம். நான் அன்று அனுப்பிய கணக்கில் ஒரு கிரெடிட் நோட்டை (பில் தொகையைக் குறைத்து விற்றவர் தரும் சீட்டு) கழிக்காமல் விட்டிருந்தேனாம். மூன்றாவது வாய்ஸ் நோட்டில் அவர்தான் சொன்னார். திருத்தி அனுப்பிவிட்டோம். அடுத்த வாரம் எக்செல்லை அவரே கேட்டு வாங்கியிருக்கிறார்.