வீட்டுக் குழு: பழைய ஜிடிஐ வாங்கலாமா?

நான்: எல்லோரும் இந்தப் படங்களைக் கொஞ்சம் பாருங்கள். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ கார், ஐந்தாம் தலைமுறை, 2007 மாடல், 2 லிட்டர் டர்போ, 200 குதிரைத்திறன், தானாகக் கியர் மாற்றும் டிஎஸ்ஜி கியர்பாக்ஸ். என் கையில் இருக்கும் பணத்துக்குச் சரியாக வருகிறது. அதிலும் சிவப்பு!

அக்கா: சரியாக வருகிறது என்றால், வாங்கிய மறுநாள் பெட்ரோல் போட என்னிடம் கேட்பாய், அப்படித்தானே?

அம்மா: பின்சீட்டில் நான் உட்கார முடியுமா, அதை முதலில் சொல்.

நான்: ஐந்து கதவு அம்மா. தாராளமாக உட்காரலாம்.

தம்பி: அண்ணா, விளம்பரத்தில் ஸ்டேஜ் 1 ரீமேப் என்று போட்டிருக்கிறதே, என்ஜின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருக்கிறார்கள் 🔥🔥

மாமா: தம்பி, அந்த நெருப்பைக் கொஞ்சம் அணைத்து வை. மாப்பிள்ளை, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் வலது டயர் ஒரு கம்பெனி, இடது டயர் வேறு கம்பெனி. 200 குதிரையையும் முன்சக்கரம் இரண்டிலேயே இறக்கும் வண்டிக்கு இப்படி டயர் போட்டு ஓட்டியவர், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மட்டும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்திருப்பாரா?

நான்: டயரை மாற்றிக்கொள்ளலாமே மாமா.

மாமா: டயரை மாற்றலாம். அவர் இத்தனை வருடம் ஓட்டிய விதத்தை மாற்ற முடியாதே. டயரின் பக்கவாட்டில் டாட் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் வரிசையில் கடைசி நான்கு எண்ணைப் படம் எடுத்து அனுப்பச் சொல். 2314 என்றால் 2014ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. அதைப் பார்த்தாலே பாதி ஜாதகம் தெரிந்துவிடும்.

பெரியண்ணன்: ரீமேப் செய்த வண்டி என்றால் இன்சூரன்ஸில் அதைச் சொல்ல வேண்டும். மறைத்துவிட்டு, நாளைக்கு ஒரு விபத்து என்றால் பணம் தர மாட்டேன் என்று சொல்ல அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். விலையைக் கேட்பதற்கு முன் இன்சூரன்ஸ் எவ்வளவு வரும் என்று கேள்.

நான்: சரி, கேட்கிறேன். ஆனால் என்ஜின் நல்லது என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்?

மாமா: நல்ல என்ஜின்தான், யார் இல்லை என்றார்கள். ஆனால் அந்த 2 லிட்டர் என்ஜினில் கேம் ஃபாலோவர் என்று சின்னக் கிண்ணம் மாதிரி ஒன்று உண்டு. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டுக்கும் உயர் அழுத்த பெட்ரோல் பம்புக்கும் நடுவில் உட்கார்ந்து தேய்ந்துகொண்டே இருக்கும். விலை ரொம்பக் குறைவு, பம்பைக் கழற்றினால் கையில் வந்துவிடும். யாரும் பார்க்காமல் விட்டால் அதில் ஓட்டை விழுந்து, பம்பின் தண்டு நேராகக் கேம்ஷாஃப்டையே தேய்க்க ஆரம்பிக்கும். அப்புறம் பம்பு, கேம்ஷாஃப்ட் எல்லாம் சேர்ந்து போகும், உன் சேமிப்பும் கூடவே போகும். ரீமேப் செய்த வண்டியில் இதை இன்னும் அடிக்கடி பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்று கேள். "அப்படி என்றால் என்ன?" என்று திருப்பிக் கேட்டால் உனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அக்கா: மாமா இவ்வளவு நீளமாக எழுதி இன்றுதான் பார்க்கிறேன்.

மாமா: இன்னும் முடியவில்லை. கேம்ஷாஃப்டைச் சுழற்றும் டைமிங் பெல்ட்டை மாற்றிய பில் வேண்டும். வாயால் சொன்னால் போதாது, பில். அந்த ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், அதற்கும் பில். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும் என்ஜின் என்பதால் இன்டேக் வால்வில் கரி படியும், அதைச் சுத்தம் செய்திருந்தால் நல்லது, இல்லையென்றால் அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசு.

தம்பி: என் நண்பனிடம் காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் இருக்கிறது. எரர் கோட் இல்லை என்றால் வண்டி ஓகே தானே மாமா?

மாமா: நீ வருவதற்கு முன்னால் அவர் எல்லாவற்றையும் அழித்து வைத்திருக்கலாம். காரின் சுய சோதனைகள் முடிந்தனவா என்று காட்டும் ரெடினஸ் மானிட்டர் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைத் திறந்து பார். பாதி "தயாரில்லை" என்று காட்டினால், சமீபத்தில் யாரோ எரர் கோட்களை அழித்திருக்கிறார்கள், இல்லையென்றால் பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேள்.

நான்: அப்படியானால் இந்த வண்டியே வேண்டாம் என்கிறீர்களா? இதைவிட்டால் என் பணத்துக்கு ஹாட் ஹேட்ச், அதாவது வேகமான சின்னக் கார் என்று எதுவும் கிடைக்காது.

பெரியண்ணன்: வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. கையில் இருப்பது முழுவதையும் வண்டிக்கே கொடுக்காதே என்கிறோம். நான்கில் ஒரு பங்கைத் தொடாமல் வை. அந்தப் பங்கைக் கழித்தால் இந்த ஜிடிஐ உன் கைக்கு எட்டாது, அவ்வளவுதான்.

மாமா: அதே வயதில் சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் பார். 1.6 லிட்டர், டர்போ கிடையாது, பெல்ட் கிடையாது, டைமிங் செயின்.

நான்: 125 குதிரைதானே மாமா 😐

மாமா: எடை எவ்வளவு என்று பார்த்தாயா? ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும். ஜிடிஐ 1,300 கிலோவுக்கு மேல். வளைவுகள் நிறைந்த சாலையில் ஸ்விஃப்டை முழுசாக மிதித்து ஓட்டலாம், ஜிடிஐயைப் பாதிதான் மிதிப்பாய். எனக்கு முன்னதுதான் பிடிக்கும். ஆனால் மூன்றாவது கியரில் மட்டும் கவனம், கியர் சீராக விழ உதவும் சிங்க்ரோ தேய்ந்த வண்டிகள் நிறைய உண்டு. வேகமாக மாற்றும்போது கரகரவென்றால் விட்டுவிடு.

அம்மா: அதில் பின்சீட்?

மாமா: அக்கா, நீங்கள் முன்சீட்டில் உட்காருங்கள்.

தம்பி: 😂😂😂

நான்: சரி. பக்கத்தில் ஒரு ஸ்விஃப்ட் ஸ்போர்டும் விற்பனைக்கு இருக்கிறது. 2008 மாடல், ஒரே ஓனர், பில் எல்லாம் ஃபைலில் வைத்திருக்கிறாராம். கறுப்புதான். ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்த்துவிடலாமா மாமா?

மாமா: போகலாம். காலையிலேயே போக வேண்டும். இரண்டு பேரிடமும், நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று சொல்லி வை. முதல் ஸ்டார்டில் வரும் சத்தமும் புகையும் சூடான என்ஜினில் தெரியாது.

நான்: ஸ்விஃப்ட்காரர் சரி என்றார். ஜிடிஐகாரர், "குளிரில் ஸ்டார்ட் ஆக நேரம் எடுக்கும், நான் ஒரு ரவுண்டு ஓட்டிச் சூடாக்கி வைக்கிறேன்" என்று அனுப்பியிருக்கிறார்.

அக்கா: 🙄

மாமா: அப்படியானால் முதலில் ஸ்விஃப்ட். ஏழு மணிக்குத் தயாராக இரு, டார்ச்சும் அந்த ஸ்கேனரும் மறக்காதே.